இறக்கத்துக்குப் பதினோரு குறிப்புகள்

அல்மாத்தி நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போகிறவர்களுக்கு நூர்பெய்ஸைத் தெரியாமல் இருக்காது. ஐம்பத்தொன்பது வயது. ஒல்லியான ஆள், வெயிலில் கறுத்த கெண்டைக்கால். வாரத்தில் ஐந்து நாள் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பார். ஆறாம் நாள் தன் சைக்கிளைப் பிரித்து மாட்டுவார். ஏழாம் நாள் மற்றவர்கள் சைக்கிளைப் பற்றிப் பேசுவார்.

பேசுவார் என்றால் சும்மா இல்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவன் சைக்கிளில் வந்து நின்றால், பச்சை விழுவதற்குள் அவனுக்கு ஒரு யோசனையாவது சொல்லிவிடுவார். "தம்பி, சீட்டை ரெண்டு விரல் ஏத்து. இப்படியே ஓட்டினா முட்டி போயிடும்." அவன் நன்றி சொன்னால் அன்று முழுவதும் அவருக்கு மனசு நிறைந்திருக்கும். சொல்லாமல் போனாலும் வருத்தப்பட மாட்டார். சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது அல்லவா.

"ஊர்ல இருக்கிற முட்டிக்கெல்லாம் இவர்தான் பொறுப்பு" என்பாள் அவர் மனைவி நசிபா. "ஒரு வருஷமா என் முட்டி வலிக்குதுன்னு சொல்றேன், அது மட்டும் காதுல விழாது."

சைக்கிள் கூட்டத்தில் அவரை யாரும் நூர்பெய்ஸ் என்று முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரிய மனிதர்களுக்குப் பேரைச் சுருக்கி மரியாதை சேர்த்துச் சொல்வது போல "நூரெகே" என்பார்கள். செல்போன் குழுவில் முந்நூறு பேருக்கு மேல். யாராவது "கியர் தாவுது", "டயர் எவ்வளவு காத்து?" என்று கேட்டால், கேட்டவர் போனைக் கீழே வைப்பதற்குள் நூரெகேயின் பதில் வந்து நிற்கும். அவர் சொல்வதில் பத்துக்கு ஒன்பது சரியாகவே இருக்கும். இளவயதில் தொழிற்சாலை அணிக்காகப் பந்தயம் ஓட்டியவர். ஒருமுறை சிம்கெண்ட் நகரத்துப் பந்தயத்தில் பதினேழாவதாக வந்ததாகச் சொல்வார். அதைப் பத்தாவது என்றோ ஐந்தாவது என்றோ கூட்டிச் சொன்னது கிடையாது. பொய் சொல்லும் மனிதர் இல்லை என்று பேர் எடுத்தவர்.

தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. அவர் கற்றதெல்லாம் பழைய வண்டிகளில். ரப்பர் கட்டை வந்து ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் அவருக்குத் தெரியாத நுணுக்கம் கிடையாது. இப்போது வருகிற வண்டிகளில் சக்கரத்தின் நடுவே ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது, இரண்டு சின்னக் கட்டைகள் அதை இறுக்குகின்றன. டிஸ்க் பிரேக். அந்த வகை வண்டி அவரிடம் இருந்ததே இல்லை. ஆனால் யாராவது கேட்டால் பதில் மட்டும் வரும்.

குன்சுலு அந்தக் கூட்டத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாற்பத்து மூன்று வயது, பரந்த தோள், சத்தமான சிரிப்பு. மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ்ஸைப் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறவள். "நாள் பூரா நாலு சக்கரம், ஞாயித்துக்கிழமையாவது ரெண்டு" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து, மே மாதம் புது வண்டி வாங்கியிருந்தாள். நீல நிறம், டிஸ்க் பிரேக்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு உஷ்கோனிர் மேட்டுக்குப் போவதாக ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு நகரத்தின் மேற்கு முனையில் பெட்ரோல் பங்க் பக்கம் எல்லாரும் கூடினார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் ரோதியோன் பாக் என்ற கொரிய வம்சாவளிக்காரர். சந்தையில் காரட் சாலட் கடை வைத்திருப்பவர். அவர் ஆள் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நூர்பெய்ஸ் வழக்கம்போல ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"குன்சுலு, உன் செயின் கிர்க் கிர்க்னு கத்துது. காதுல விழலையா?"

"நேத்துதான் தொடச்சேன் நூரெகே."

"தொடச்சா போதுமாம்மா? காஞ்சு கெடக்கு பாரு. மலை ஏறும்போது கியர் தாவும். பிடி."

"வேண்டாம் விடுங்க, வந்து பாத்துக்கறேன்."

"ஒரு நிமிஷ வேலை!"

மருமகன் துருக்கியிலிருந்து வாங்கி வந்த எண்ணெய் ஸ்பிரே அவர் முதுகுப் பையில் இருந்தது. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை அடிக்கும். அதற்காகவே அதைக் காட்டிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் பின் சக்கரத்துப் பல்வட்டுகளின் மேல் நன்றாக அடித்தார். காற்றும் அந்தப் பக்கமாகவே வீசிக்கொண்டிருந்தது. "இப்ப பாரு, பட்டு மாதிரி ஓடும்" என்றார். குன்சுலுவும் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஷமல்கான் கிராமம் வரை வெறிச்சோடிய நேர் ரோடு, அதைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வளைந்து வளைந்து போகும் பாதை. ஒன்றரை மணி நேரம் பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை. மேலே புல்வெளியில் உட்கார்ந்து பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைகளைத் தின்றார்கள், பாக் கொண்டுவந்த சாலட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு இறங்கினார்கள்.

நூர்பெய்ஸ் நடுவில் வந்துகொண்டிருந்தார். மூன்றாவது வளைவைத் திரும்பியபோது கீழே ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. குன்சுலு ரோட்டோரத்தில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் மாவு பூசினது போல வெளுத்திருந்தது. மழையில் மண் சரிந்து வளைவில் சரளை கிடந்தது. நீல வண்டி ஓடைப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது.

"பின் பிரேக் பிடிக்கல நூரெகே" என்றாள் அவரைப் பார்த்ததும். மற்றவர்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அவர்தானே வைத்தியர். "அழுத்துறேன், அழுத்துறேன், வண்டி பாட்டுக்குப் போகுது. பயந்து போய் முன்னாடி பிரேக்கைப் பிடிச்சேன், சக்கரம் சறுக்கிருச்சு."

நூர்பெய்ஸ் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பின் பிரேக் லிவரை அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

"பிரேக் நல்லாத்தாம்மா இருக்கு. லிவர் கல்லு மாதிரி இருக்கே."

"லிவர் கெட்டியாத்தான் இருந்துச்சு. ஆனா வண்டி நிக்கல."

"பதட்டத்துல அப்படித்தான் தோணும். நீ பின்னாடி பிரேக்குன்னு நெனச்சு முன்னாடியதைப் பிடிச்சிருப்ப. நூறு பேரைப் பாத்துட்டேன்."

குன்சுலு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வலி வந்து வாயை அடைத்தது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நூரெகே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? பாக் யாரையோ கூப்பிட்டு கார் வரவழைத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். காறையெலும்பு முறிந்திருந்தது.

அன்று சாயங்காலமே நூர்பெய்ஸ் குழுவில் எழுதினார். "இறக்கத்துக்குப் பதினோரு குறிப்புகள்" என்று தலைப்பு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். நல்லெண்ணத்தில்தான். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, உள்ளே போன பிறகு பிரேக்கைத் தொடாதே. முன் பிரேக்குக்கு இரண்டு விரலுக்கு மேல் வேண்டாம். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கக்கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் கனம் அதன் மேல். இப்படிப் பத்துக் குறிப்புகள். பதினோராவது: "பயந்தவனின் கை பொய் சொல்லும். பின் பிரேக்கைப் பிடித்தேன் என்று அவன் சத்தியம் செய்வான், பிடித்தது முன் பிரேக்காக இருக்கும். இன்று நம் சகோதரி ஒருவருக்கு நடந்தது இதுதான்."

பேர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தொண்ணூற்றாறு பேர் இதயம் போட்டார்கள். தொண்ணூற்றேழாவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து குன்சுலுவும் ஒன்று போட்டு, "நன்றி நூரெகே. என் தப்புதான்" என்று ஒற்றைக் கையால் எழுதியிருந்தாள். அதை நசிபாவுக்கு வாசித்துக் காட்டினார் நூர்பெய்ஸ். "பாரு, எவ்வளவு பக்குவமான பொம்பள."

பத்து நாள் கழித்துக் குன்சுலுவின் தம்பி அந்த நீல வண்டியைக் கொண்டுவந்து நூர்பெய்ஸின் கராஜில் விட்டுவிட்டுப் போனான். ஹேண்டில்பார் கோணலாகியிருந்தது, ஒரு பெடல் உடைந்திருந்தது. மறுநாள் பிற்பகல் வேலை முடிந்து வந்து, வண்டியை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, கோணலை நிமிர்த்தினார். பெடலை மாற்றினார். கடைசியாக, எந்த வண்டியை முடித்தாலும் செய்வது போல, பின் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார்.

சக்கரம் நிற்கவில்லை.

லிவர் கல்லு மாதிரி இருந்தது. சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பலமாக அழுத்தினார். கொஞ்சம் தயங்கி, மறுபடி சுற்றியது. குனிந்து அந்த இரும்புத் தட்டில் விரலை வைத்துப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். ஆரஞ்சுத் தோல்.

பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. காற்று வீசிய பக்கம், ஸ்பிரேயைப் பிடித்த கோணம், பல்வட்டுகளைத் தாண்டி ஆரக்கால்களின் வழியே தட்டின் மேல் படிந்திருக்கக்கூடிய பனி போன்ற எண்ணெய். "வேண்டாம் விடுங்க" என்று அவள் சொன்னது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னது. சக்கரத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். அவர் லிவரை மட்டும் அழுத்திப் பார்த்தார். பழைய வண்டியில் லிவர் கெட்டியாக இருந்தால் பிரேக் சரி என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பதினோராவது குறிப்பு வரிக்கு வரி ஞாபகம் வந்தது. பயந்தவனின் கை பொய் சொல்லும். அதை எழுதி முடித்ததும் நல்ல வாக்கியம் என்று தானே ஒரு முறை வாசித்து மகிழ்ந்ததும் ஞாபகம் வந்தது.

வெளியே பக்கத்துக் கராஜ்காரர் போனார். "என்ன நூரெகே, வேலை நடக்குதா?"

"நடக்குது, நடக்குது" என்றார் நூர்பெய்ஸ். குரல் எப்போதும் போலவே வந்தது. அது அவருக்கே திகைப்பாக இருந்தது.

அந்தத் தட்டை ஸ்பிரிட் போட்டு மூன்று தடவை துடைத்தார். கட்டைகளைக் கழற்றிவிட்டு, கடைக்குப் போய்ப் புதியவை வாங்கி வந்து மாட்டினார். சுற்றிவிட்டு அழுத்தினார். சக்கரம் அறைந்தது போல நின்றது. எண்ணெய் குடித்த பழைய கட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றி, தன் கட்டடத்துக் குப்பைத்தொட்டியில் போடாமல், அடுத்த கட்டடத்துத் தொட்டி வரை நடந்துபோய்ப் போட்டார். அந்தப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் நடந்தார்.

குன்சுலுவே வந்தாள் வண்டியை எடுக்க. கை கழுத்துத் தொட்டிலில் இருந்தது. கூலி வாங்க மாட்டார் என்று தெரிந்து, ராஸ்ப்பெரி ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள்.

"நூரெகே, ஒண்ணு கேக்கணும். பின் பிரேக்ல ஏதாவது குறை இருந்துச்சா? உண்மையைச் சொல்லுங்க."

அவள் கேட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லுங்கள் என்று கேட்பது போல. நூர்பெய்ஸ் ஜாம் பாட்டிலைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நான்தான்" என்றாள் குன்சுலு. தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி. இல்ல, எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, அதான்."

தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, அவள் பின்னால் நடந்து போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நசிபா அந்த ஜாமை டீயோடு வைத்தாள். "யாரு கொடுத்தது? கையில நல்ல பக்குவம் இருக்கு. ஏன், நீங்க எடுக்கல?" இனிப்பு ஆகவில்லை என்றார். அந்தப் பாட்டில் தீரும்வரை அவருக்கு இனிப்பு ஆகவில்லை.

லிஃப்ட் வேலையில் ஒரு நோட்டு உண்டு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் என்ன பழுது, எதனால், யார் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருஷமாக எழுதுகிறார். ஒருமுறை ஒரு கதவுச் சுவிட்சைத் தானே தவறாக மாட்டிவிட்டு, "முந்தைய பழுதுபார்ப்பில் நான் தவறாக மாட்டினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். மேலாளர்கூடச் சிரித்தார். "இதையெல்லாமா எழுதுவீங்க?" அதெல்லாம் அவருக்குச் சிரமமாக இருந்ததில்லை. நோட்டு யாரையும் பார்ப்பதில்லை. இப்போது அந்த நோட்டைத் திறந்து பேனாவை எடுக்கும்போதெல்லாம் அவர் கை ஒரு கணம் நின்றது.

குழுவில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. "நூரெகே, நீங்க சொல்லுங்க." "நூரெகே எங்க போனாரு?" "நூரெகேயோட பதினோரு குறிப்பு படிக்காம யாரும் மலைக்கு வராதீங்க!" ஒவ்வொன்றும் உப்புக்கண்டம் போடும் கறியில் உப்பு தேய்ப்பது போல அவர் மேல் தேய்ந்தது. பதில்கள் சின்னதாகின. பிறகு நின்றன. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்கள்.

ஜூலை கடைசியில் சந்தையில் பாக்கைப் பார்த்தார்.

"குன்சுலு கதையைக் கேட்டீங்களா?" என்றார் பாக், காரட்டைச் சீவிக்கொண்டே. "கை கூடிருச்சு, வேலைக்கும் வந்துட்டா. ஆனா பஸ் ஓட்ட மாட்டேங்கிறாளாம். டிப்போவுல டிரைவர்களுக்கு ரூட்டுத் தாள் எடுத்துக் கொடுக்கிற ஜன்னல்ல போய் உக்காந்துக்கிட்டா."

"ஏன்?"

"உங்க குறிப்பை எவனோ டிப்போ ஆளுங்களுக்கு அனுப்பிட்டான். கிண்டல்தான். 'நம்ம குன்சுலுவுக்கு எது முன் பிரேக், எது பின் பிரேக்னு தெரியலையாம், பாத்து ஏறுங்கப்பா'ன்னு. அவ சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. அப்புறம் ஒரு நாள் மேலாளர்கிட்ட போய், எனக்கு என் கை மேல நம்பிக்கை இல்ல, தொண்ணூறு பேரை ஏத்திக்கிட்டுப் போறேன், பயமா இருக்குன்னுட்டாளாம்." பாக் ஒரு கரண்டி சாலட்டைப் பையில் அள்ளிப் போட்டார். "பாவம். இதுல யாரு என்ன செய்ய முடியும்?"

நூர்பெய்ஸ் அந்தப் பையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து நசிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பிரே, மூன்றாவது வளைவு, குப்பைத்தொட்டி வரை. நசிபா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் மடித்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"இதை எனக்கு எதுக்குச் சொல்றீங்க? நானா விழுந்தேன்?"

"இல்ல, மனசு..."

"எங்கிட்ட சொன்னா மனசு லேசாகும். அதுக்குத்தானே? லேசாக்கிக்காதீங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

அப்போதும் உடனே போகவில்லை. பத்து நாள் காரணம் தேடினார். வேலை அதிகம், வெயில் அதிகம். ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை குழுவில் நீல வண்டியின் படம் வந்தது. விற்பனைக்கு. குன்சுலு கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "நல்ல வண்டி. ஓட்டத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்." அதைப் படித்த இடத்திலேயே, ஒன்பதாவது மாடியில், பாதி திறந்த லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலையை முடித்தார், நோட்டில் எழுதினார், கையெழுத்துப் போட்டார், டிப்போவுக்குப் போனார்.

மதியச் சாப்பாட்டு நேரம். டிப்போ கேன்டீனில் குன்சுலு தனியாக ஒரு மேஜையில் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நூரெகே! வண்டி வாங்க யாராவது இருக்காங்களா?"

"உக்காரும்மா. வண்டியை விக்காத." அவர் உட்காரவில்லை. "பின் பிரேக் பிடிக்கலதான். நீ சொன்னது சரி. தட்டுல எண்ணெய் பட்டிருந்துச்சு. நான் அன்னிக்குக் காலையில அடிச்ச எண்ணெய்."

குன்சுலு ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வண்டி கராஜுக்கு வந்த மறுநாள்."

"அப்ப நான் வந்து கேட்டேனே."

"தெரியும். அப்பவும் தெரியும்."

பக்கத்து மேஜையில் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். குன்சுலு குரலை உயர்த்தவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"எண்ணெய் பட்டதை விடுங்க. அது கைத்தவறு. எங்கிட்டயும் நடக்கும். ஆனா நான் சொன்னேன் இல்ல? எலும்பு ஒடஞ்சு ரோட்டுல உக்காந்துக்கிட்டு, பிடிக்கலைன்னு சொன்னேன் இல்ல? அத்தனை ஆம்பளைங்க நின்னீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், சக்கரத்தைச் சுத்திப் பாத்தீங்களா?"

"இல்ல."

"நாலு மணிக்கு எந்திரிச்சு, பனியில, ஐஸ் கட்டின ரோட்டுல, பதினெட்டு வருஷமா பிரேக் போடுறேன் நான். எனக்கு என் கை கால் மேலயே பயம் வந்துருச்சு அண்ணா. ராத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு, எது இடது கை எது வலது கைன்னு அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டிருந்தேன்."

நூர்பெய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் பழைய சதுர ஓடுகள், ஒன்று விட்டு ஒன்று உடைந்திருந்தன.

"எழுதுங்க" என்றாள் குன்சுலு.

"வீட்டுக்குப் போய் நிதானமா..."

"இங்கயே. எனக்கு முன்னாடி. குழுவுல பதினோரு குறிப்பு எழுதினீங்களே, அதே எடத்துல."

உட்கார்ந்தார். போனை எடுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. தூரத்தில் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். முடித்ததும் அவளிடம் நீட்டினார். "அன்று குன்சுலுவின் வண்டியில் பின் பிரேக் தட்டில் சிறிது எண்ணெய் பட்டிருக்கக்கூடும் என்று பின்னர் தெரியவந்தது."

குன்சுலு படித்துவிட்டுப் போனைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"எண்ணெய்க்குக் காலா இருக்கு, தானா வந்து பட? யாரு அடிச்சது?"

"நான் அடிச்சேன்."

"அப்ப அதை எழுதுங்க. 'தெரியவந்தது'ன்னா யாருக்குத் தெரிய வந்தது? எப்ப?"

மூன்று தடவை எழுத வைத்தாள். மூன்றாவது தடவை இப்படி இருந்தது: "குன்சுலு வேண்டாம் என்றார். நான் கேட்காமல் எண்ணெய் அடித்தேன். அது பிரேக் தட்டில் பட்டது, அதனால் விழுந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதை நான் சோதிக்காமல் மறுத்தேன். பிறகு உண்மை தெரிந்தும், அவர் நேரில் கேட்டபோதும், மறைத்தேன். பதினோராவது குறிப்பு பொய். டிஸ்க் பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. நூர்பெய்ஸ்."

அனுப்பியதும் அவள் எழுந்து, ஆறிப்போன சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் வாங்கும் ஜன்னலில் வைத்தாள். திரும்பி வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் குழுவில் பதில்கள் வரத் தொடங்கின. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். இரண்டு மூன்று பேர் திட்டவும் செய்தார்கள். மற்றவர்கள், "இதைச் சொல்லவும் ஒரு மனசு வேணும்", "பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்", "நூரெகே, உங்க முன்னாடி தொப்பியைக் கழட்டுறேன்" என்று எழுதித் தள்ளினார்கள். சாயங்காலத்துக்குள் நூற்றி நாற்பது இதயம். குறிப்புகளுக்கு வந்ததைவிட அதிகம். ஒவ்வொன்றாக ஏற ஏற, நூர்பெய்ஸுக்கு நடுத்தெருவில் உடை அவிழ்ந்த மாதிரி இருந்தது. "யாரும் பாராட்டாதீங்க" என்று எழுதப் போனார். அதற்கும் இதயம் போடுவார்கள் என்று தோன்றி அழித்தார்.

குன்சுலு அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தாள். "என் எலும்புக்கு ரெண்டு தடவை கைதட்டு வாங்கிட்டீங்க."

பாக் மட்டும் போன் செய்தார். "நானும்தான் அங்க நின்னேன் நூரெகே. நானும் சுத்திப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சில்லாமல் வைத்துவிட்டார். மறுநாள் டிப்போவுக்குப் போய் ஒரு டப்பா சாலட்டும் மன்னிப்பும் கொடுத்துவிட்டு வந்தார் என்று நூர்பெய்ஸ் பின்னால் கேள்விப்பட்டார்.

செப்டம்பரில் குன்சுலு மறுபடி டிராலி பஸ்ஸில் ஏறிவிட்டாள். வண்டியையும் விற்கவில்லை. பதினோரு குறிப்புகளைக் குழுவிலிருந்து நூர்பெய்ஸ் அழித்தார். ஆனால் அது அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. அடுத்த வருஷம் ஒரு சைக்கிள் கடையில் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், கீழே அவர் பேரோடு. எடுத்துவிடச் சொன்னார். "ஏன் சார், நல்லாத்தானே இருக்கு?" என்றார் கடைக்காரர். முதல் பத்தும் நன்றாகத்தான் இருந்தன. கடைசியை மட்டும் பேனா வாங்கி அடித்துவிட்டு வெளியே வந்தார். கடைக்காரருக்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் பாராட்டுவார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். யாராவது வண்டியைக் காட்டினால், தொடட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். டிஸ்க் என்றால், எனக்குத் தெரியாது என்கிறார். முதல் சில தடவை அந்த வார்த்தை லேசில் வரவில்லை, பிறகு வரத் தொடங்கியது. சிக்னலில் தாழ்ந்த சீட்டோடு நிற்பவர்களைப் பார்த்தால் வாய் துறுதுறுக்கிறது. பச்சை விழும்வரை பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

குன்சுலுவும் வருகிறாள். புறப்படுமுன் தன் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் சுற்றி, பிரேக் போட்டுப் பார்க்கிறாள். சிரிப்பு பழைய மாதிரியே சத்தமாக இருக்கிறது, அவர் பக்கத்தில் வரும்போது மட்டும் கொஞ்சம் அடங்குகிறது. நூரெகே என்று அவள் கூப்பிடுவதில்லை. மற்றவர்கள் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவள் முழுப்பேரைச் சொல்கிறாள்: "நூர்பெய்ஸ் அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டியை எடுக்கணும்."

அவர் தள்ளி நிற்கிறார்.